ஹீட்டிங் ஓடுகிறது, அறை மட்டும் சூடாகவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாய்லர் ஓடும் சத்தம் கேட்கிறது. ரேடியேட்டரைத் தொட்டால் ஏதோ சூடும் தெரிகிறது. ஆனாலும் அறைக்குள் ஸ்வெட்டரைக் கழற்ற முடியவில்லை. இந்த நிலையில் பலருக்கும் முதலில் தோன்றுவது 'பாய்லர் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும்' என்பதுதான். அவசரப்படாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் நெருப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சூடு அறைக்கு வந்துசேரும் வழியில்தான் எங்கோ தடை இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க உங்கள் கையே போதும்.

இங்கே பேசுவது பெரும்பாலும் பாய்லர் தண்ணீரைச் சூடாக்க, பம்ப் அதை அறைக்கு அறை ரேடியேட்டருக்குத் தள்ளும் அமைப்பைப் பற்றி. தரைக்கடிக் குழாய், சூடான காற்று, ஹீட் பம்ப் (வெளியில் இருக்கும் சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு முடிவுக்குச் சற்று முன்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன். டிகிரி என்று வரும் இடமெல்லாம் செல்சியஸ்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

ஹீட்டிங்கை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, வீடு முழுக்க ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு ரேடியேட்டரிலும் மேல் ஓரம், கீழ் ஓரம், இரண்டு பக்கமும் வந்து சேரும் குழாய்கள் என நான்கு இடங்களைத் தொட்டுப் பாருங்கள். புறங்கையால் ஒரு நொடி தொட்டால் போதும். குழாய் 70 டிகிரி வரை சுடக்கூடும், பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். பார்த்ததை ஒரு தாளில் அறை வாரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளே பாதி விடையைச் சொல்லிவிடும். மேலே சில்லென்றும் கீழே சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று. மேலே சூடாகவும் கீழே நடுவில் சில்லென்றும் இருந்தால் கசடு. ஒன்று மட்டும் முழுக்கக் குளிர்ந்திருந்தால் அதன் வால்வு. பாய்லருக்குப் பக்கத்தில் இருப்பவை கொதித்து, தூரத்தில் இருப்பவை வெதுவெதுப்பாக இருந்தால் தண்ணீர் சரியாகப் பங்கிடப்படவில்லை. எல்லாமே வெதுவெதுப்பு என்றால் பாய்லர், பம்ப், பிரஷர் பக்கம் போக வேண்டும். எல்லாமே நன்றாகச் சுட்டும் அறை குளிர்ந்தால் குறை ஹீட்டிங்கில் இல்லை; அறையில் இருக்கிறது.

தெர்மோஸ்டாட்டை 28-க்கு ஏற்றினால் சீக்கிரம் சூடாகுமா?

ஆகாது. சாதாரணத் தெர்மோஸ்டாட் ஒரு சுவிட்ச். வாரன் ஜான்சன் 1883-இல் மின்சார அறைத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து அடிப்படை வேலை மாறவில்லை: சொன்ன சூடு வரும்வரை ஹீட்டிங்கை ஓடவிடு, வந்ததும் நிறுத்து. 20-இல் வைத்தாலும் 28-இல் வைத்தாலும் அறை 20-ஐத் தொட ஆகும் நேரம் ஒன்றுதான். 28-இல் வைத்துவிட்டு மறந்தால் 20-ஐத் தாண்டியும் எரிந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். புதிய வகைக் கருவிகள் சில, தேவைக்கேற்பப் பாய்லரின் சுடரைக் கூட்டிக் குறைக்கும். அவற்றிலும் பாய்லரில் வைத்திருக்கும் உச்ச வெப்பத்தைத் தாண்டித் தண்ணீர் சூடாகாது.

எவ்வளவு வைப்பது என்று கேட்டால், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல். முதியவர்கள், சின்னக் குழந்தைகள், நோயுற்றவர்கள் இருக்கும் வீட்டில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

தெர்மோஸ்டாட் 21 காட்டுகிறது. படுக்கையறை 16-ஐத் தாண்டவில்லை. எது சரி?

இரண்டும் சரி. தெர்மோஸ்டாட்டுக்குத் தன்னைச் சுற்றி இருக்கும் காற்று மட்டும்தான் தெரியும். அது வெயில் விழும் சுவரிலோ, ரேடியேட்டருக்கு மேலேயோ, டிவிக்குப் பின்னாலோ, அடுப்புச் சூடு வரும் வாசலிலோ இருந்தால், தான் இருக்கும் இடம் சூடானதும் வீடு முழுக்கச் சூடாகிவிட்டது என்று எண்ணிப் பாய்லரை நிறுத்திவிடும். மற்ற அறைகள் பாதியில் நிற்கும்.

உள்சுவரில், தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில், காற்று தாராளமாகப் புழங்கும் இடத்தில் அது இருக்க வேண்டும். கம்பியில்லா வகையாக இருந்தால் ஒரு வாரம் படுக்கையறைக்கு மாற்றிப் பாருங்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு. பேட்டரியையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. தெர்மோஸ்டாட் இருக்கும் அறையின் ரேடியேட்டரில் எண் போட்ட வால்வும் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். அந்த அறையில் வால்வை முழுக்கத் திறந்தே வைக்க வேண்டும். இல்லையென்றால் வால்வு முன்னதாகவே மூடிக்கொண்டு, அறை தெர்மோஸ்டாட் கேட்ட சூட்டை எட்டாமல், பாய்லர் நிற்காமல் ஓடும்.

ரேடியேட்டர் மேலே சில்லென்று இருக்கிறது. காற்றை எப்படி எடுப்பது?

எளிய வேலைதான், ஆனால் முறையாகச் செய்யுங்கள். முதலில் ஹீட்டிங்கை அணைத்து அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். பம்ப் ஓடும்போது திறந்தால் காற்றை இன்னும் உள்ளே இழுத்துவிட வாய்ப்பு உண்டு. கொதிநீர் கையில் தெறிக்கும் அபாயமும் இருக்கிறது.

ரேடியேட்டரின் மேல் மூலையில் சின்னச் சதுரத் திருகு ஒன்று இருக்கும். அதற்கென்றே சாவி கிடைக்கும். சிலவற்றில் தட்டை ஸ்க்ரூடிரைவர் போதும். கீழே ஒரு கிண்ணமும், பின்னால் சுவரை மறைக்கப் பழைய துணியும் பிடித்துக்கொள்ளுங்கள். வரும் தண்ணீர் கறுப்பாக இருக்கலாம். சுவரில் பட்டால் கறை போகாது. கடிகாரமுள்ளுக்கு எதிர்த் திசையில் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று திருப்பினால் 'உஸ்' என்று காற்று வரும். தண்ணீர் சீராக வரத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். திருகை முழுக்கக் கழற்றிவிடக் கூடாது. உள்ளே பிரஷர் இருப்பதால் திரும்பச் செருகுவதற்குள் தரையெல்லாம் நனைந்துவிடும்.

கீழ்த்தளத்தில் தொடங்கி மேல்தளத்தில் முடியுங்கள். எல்லாம் முடிந்ததும் பாய்லரின் பிரஷர் முள்ளைப் பாருங்கள். காற்று போன அளவுக்கு அது இறங்கியிருக்கும், தண்ணீர் நிரப்ப வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். காற்றை எடுத்த மறுநாள் 'ஹீட்டிங்கே நின்றுவிட்டது' என்று தவிப்பவர்கள் அநேகமாக இந்தப் படியை விட்டவர்கள்.

காற்றை எடுத்தும் மாதாமாதம் திரும்பச் சேர்கிறது. ஏன்?

இது கவனிக்க வேண்டிய அறிகுறி. எங்கோ நுண்ணிய கசிவு இருந்து, அதற்கு ஈடாக நீங்கள் அடிக்கடி புதுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருக்கலாம். புதுத் தண்ணீரில் ஆக்சிஜன் கரைந்திருக்கும். சூடானதும் அது பிரிந்து மேலே சேரும். அதோடு இரும்பையும் அரிக்கும். அந்த அரிப்பில் ஹைட்ரஜன் வாயு உருவாகி அதுவும் ரேடியேட்டரின் உச்சியில் தங்கும். ஆகவே நீங்கள் எடுப்பது எப்போதும் வெறும் காற்றாக இருக்காது. ஹைட்ரஜன் எரியக்கூடியது, காற்றை எடுக்கும்போது பக்கத்தில் மெழுகுவத்தியோ சிகரெட்டோ வேண்டாம்.

வந்த தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, மை போல இருக்கிறதா என்று பாருங்கள். மை போல இருந்தால் உள்ளே அரிப்பு நடக்கிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, அரிப்பைத் தடுக்கும் மருந்தைத் தண்ணீரில் சேர்க்க வேண்டும். திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருப்பது நோயை வளர்க்கும் வேலை.

மேலே சூடு, கீழே நடுவில் குளிர். இதற்கும் காற்றுதான் காரணமா?

இல்லை, நேர் எதிர். இரும்பு அரித்து உண்டாகும் கறுப்புத் தூள், மேக்னடைட் என்று பெயர், தண்ணீரைவிடக் கனமானது. ஓட்டம் மெதுவாகும் இடத்தில், அதாவது ரேடியேட்டரின் அடி நடுவில், சேறாகப் படியும். அந்தப் பகுதிக்குள் சூடான தண்ணீர் நுழைவதே இல்லை. எத்தனை முறை காற்றை எடுத்தாலும் இது மாறாது.

ஒன்றிரண்டு ரேடியேட்டரில் மட்டும் என்றால், இரு பக்க வால்வையும் மூடிக் கழற்றி, வெளியே எடுத்துப்போய்க் குழாய்த் தண்ணீரால் கழுவலாம். இருவர் வேண்டும். தண்ணீரோடு அது நினைப்பதைவிடக் கனமாக இருக்கும். வீடு முழுக்க இதே கதை என்றால் ஆள் வைத்து அமைப்பு முழுவதையும் அலசுவதே வழி. அலசிய பிறகு இரண்டு காரியங்களை விடாதீர்கள்: அரிப்புத் தடுப்பு மருந்து, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் ஒரு காந்த ஃபில்டர். மேக்னடைட் காந்தத்தில் ஒட்டும் என்பதால் அந்த ஃபில்டர் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவை இரண்டும் இல்லாமல் அலசினால் சில வருடங்களில் பழையபடி சேறு சேரும்.

ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுக்கக் குளிர்ந்து கிடக்கிறது.

எங்கள் வீட்டிலும் இதே கதை நடந்தது. ஒரு சின்ன அறை, இரண்டு குளிர்காலம் சூடாகவே இல்லை. பார்க்க வந்த ஒருவர் பாய்லரையே மாற்றச் சொன்னார். கடைசியில் குறை, அரைச் செண்டிமீட்டர்கூட நீளாத ஒரு ஊசியில் இருந்தது.

எண் போட்ட வால்வின் தலைக்கு அடியில் சின்ன உலோக ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தலை அதை அழுத்தினால் தண்ணீர் நிற்கும், விட்டால் ஓடும். கோடை முழுக்க வால்வு மூடியே கிடந்தால் ஊசி அழுந்திய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் 5-க்குத் திருப்பினாலும் தலை மட்டும்தான் சுற்றும், உள்ளே எதுவும் திறக்காது.

வால்வை உச்ச எண்ணுக்குத் திருப்பி, தலையைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கையால் தளர்த்தித் தலையை மட்டும் எடுங்கள். தண்ணீர் வராது. ஊசியை ஒரு தட்டையான பொருளால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். சில மில்லிமீட்டர் உள்ளே போய்த் தானே மேலே வர வேண்டும். வராவிட்டால் பக்கவாட்டில் லேசாகத் தட்டி, ஒரு சொட்டு மசகெண்ணெய் விட்டு, திரும்பத் திரும்ப அழுத்தி விடுங்கள். இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள். சில வகைகளில் ஊசி கையோடு வந்துவிடும், பின்னாலேயே தண்ணீரும் வரும்.

ஊசி நன்றாக ஆடுகிறது, ஆனாலும் குளிர்தான் என்றால் மறுமுனையில் மூடி போட்ட வால்வைப் பாருங்கள். பெயிண்ட் அடிக்கக் கழற்றி மாட்டியவர்கள் அதை மூடியபடியே விட்டிருக்கலாம்.

வால்வில் இருக்கும் 1 முதல் 5 வரை எண்கள் எதைக் குறிக்கின்றன?

தண்ணீரின் சூட்டைக் குறிக்கவில்லை. அறையின் சூட்டைக் குறிக்கின்றன. பெரும்பாலானவற்றில் 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. தலைக்குள் இருக்கும் மெழுகோ திரவமோ அறைக் காற்று சூடானதும் விரிந்து ஊசியை அழுத்தும். அந்தத் தலை நீளத் திரைக்குப் பின்னாலோ சோபாவுக்குப் பின்னாலோ மறைந்திருந்தால், அங்கே தேங்கிய சூட்டை அறையின் சூடு என்று கொண்டு முன்னதாகவே மூடிவிடும். அறை சூடாகாததற்கு இது சாதாரணமாகக் காணும் காரணம், செலவே இல்லாமல் தீரக்கூடியதும்கூட.

பாய்லருக்குப் பக்கத்து அறைகள் கொதிக்கின்றன, கடைசி அறை வெதுவெதுப்பைத் தாண்டவில்லை.

தண்ணீர் எளிய வழியைத்தான் தேடும். பக்கத்து ரேடியேட்டருக்குப் போய்த் திரும்பும் பாதை சின்னது, தடை குறைவு. பம்ப் தள்ளும் தண்ணீரில் பெரும்பங்கு அங்கேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். கடைமடைக்குத் தண்ணீர் போகாத வயல் போலத்தான். மேல்மடையைக் கொஞ்சம் அடைத்தால்தான் கடைமடைக்குப் பாயும். இந்த வேலைக்குப் பேலன்சிங் என்று பெயர். எத்தனையோ வீடுகளில் பொருத்தியவர்கள் இதைச் செய்யாமலே போயிருப்பார்கள். பாய்லர் மீது வீண்பழி விழுவதும் அதிகம் இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு ரேடியேட்டருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 1.5 கிலோவாட் ரேடியேட்டரில் தண்ணீர் நுழையும்போதும் வெளியேறும்போதும் 15 டிகிரி வித்தியாசம் இருக்கிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 1.4 லிட்டர் போதும். ஒரு குழாயை லேசாகத் திறந்தால் வரும் அளவு. ஆகவே பக்கத்து ரேடியேட்டர்களின் ஓட்டத்தைக் குறைப்பதால் அந்த அறைகள் குளிர்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அவை வாங்கிக்கொண்டிருந்தது தேவைக்கு மேல்.

செய்முறை: ஹீட்டிங்கை அணைத்து முழுக்க ஆறவிடுங்கள். எல்லா ரேடியேட்டரிலும் இரண்டு வால்வுகளையும் முழுக்கத் திறங்கள். மூடி போட்ட வால்வுக்குச் சின்ன ஸ்பேனர் தேவைப்படலாம். எத்தனை சுற்றில் திறந்தது என்று எழுதி வைத்துக்கொண்டால் பழைய நிலைக்குத் திரும்புவது சுலபம். இப்போது ஹீட்டிங்கைப் போட்டு, எது முதலில் சூடாகிறது, எது கடைசி என்று வரிசையைக் குறியுங்கள். அங்கும் இங்கும் ஓட வேண்டியிருக்கும். வீட்டில் இன்னொருவர் உதவினால் நல்லது.

முதலில் சூடானதன் மூடி வால்வை முழுக்க மூடி, கால் சுற்று மட்டும் திறங்கள். பத்து நிமிடம் கழித்து உள்ளே வரும் குழாயின் சூட்டையும் வெளியே போகும் குழாயின் சூட்டையும் அளந்து பாருங்கள். குழாயில் கவ்வும் வெப்பமானி இரண்டு இருந்தால் உத்தமம். பளபளக்கும் செம்பில் அகச்சிவப்பு வெப்பமானி தவறாகக் காட்டும். குழாயில் கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளக்கலாம். பழைய வகைப் பாய்லர் என்றால் வித்தியாசம் 12 டிகிரி ஒட்டி இருக்கட்டும். புகையின் நீராவியைக் குளிரவைத்துச் சூட்டை மீட்கும் கண்டன்சிங் வகை என்றால் 20 வரை போகலாம். வித்தியாசம் குறைவாக இருந்தால் வால்வை இன்னும் மூடுங்கள், அதிகமாக இருந்தால் திறங்கள். வரிசைப்படி அடுத்தடுத்துப் போனால் கடைசி ரேடியேட்டர் அநேகமாக முழுக்கத் திறந்தே நிற்கும்.

ஒரு சுற்றில் முடியாது. ஒன்றைத் திருத்தினால் மற்றவை அசையும். மறுநாள் இன்னொரு சுற்று வாருங்கள். எண் பிசகாமல் வர வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். எல்லா ரேடியேட்டரிலும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் போதும்.

எல்லா ரேடியேட்டரும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு. இப்போது பாய்லர்தான் காரணமா?

இருக்கலாம். ஆனால் முதலில் பாய்லரிலிருந்து தண்ணீர் எத்தனை டிகிரியில் கிளம்பும்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். எரிபொருளைச் சேமிக்க யாரோ 50-க்குக் குறைத்திருப்பார்கள். குறைப்பது நல்ல பழக்கம்தான். கண்டன்சிங் பாய்லரில் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த நீராவிச் சூடு சரியாக மீளும். ஆனால் ரேடியேட்டரின் விவரத்தாளில் போட்டிருக்கும் வாட் அளவு, தண்ணீரின் சராசரி 70 டிகிரி, அறை 20 டிகிரி என்ற கணக்கில் வருவது. சராசரி 50-க்கு இறங்கினால் அந்த ரேடியேட்டர் தருவது ஏறக்குறையப் பாதிதான். மிதமான குளிரில் அது போதும், உறைபனி நாளில் போதாது. 60 அல்லது 65-க்கு ஏற்றி ஒரு நாள் பாருங்கள். வெளிக்குளிரை அளந்து தானே சரிசெய்யும் அமைப்பாக இருந்தால், மிதமான நாளில் ரேடியேட்டர் வெதுவெதுப்பாக இருப்பது குறையே இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: குளிக்கும் தண்ணீரைத் தொட்டியில் சேமித்து வைக்கும் வீடு என்றால் அந்தத் தொட்டியின் வெப்பத்தை 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

அடுத்து பம்ப். பாய்லரை விட்டுக் கிளம்பும் குழாய் நன்றாகச் சுட்டு, சில மீட்டர் தள்ளிச் சூடே இல்லையென்றால் தண்ணீர் நகரவில்லை. பம்பின் மேல் கையை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். கோடையெல்லாம் சும்மா கிடந்த பம்ப் இறுகிப் போவது வழக்கம். வேக அமைப்பு குறைவாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குளிக்கும் தண்ணீரையும் ஹீட்டிங்கையும் ஒரே பெட்டியில் தரும் பாய்லர் என்றால் இன்னொரு சந்தேகம். குழாயில் சுடுநீர் அருமையாக வருகிறது, ரேடியேட்டர் மட்டும் வெதுவெதுப்பு என்றால், தண்ணீரை இரு பக்கமும் திருப்பிவிடும் வால்வு பாதி வழியில் மாட்டிக்கொண்டிருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

பிரஷர் முள் எங்கே நிற்க வேண்டும்?

குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார். 10 மீட்டர் உயரத் தண்ணீர் 1 பார் அழுத்தம் தரும் என்பது கணக்கு. ஆகவே முள் அரைக்குக் கீழே போனால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறுவதே சந்தேகம். பல பாய்லர்கள் அதற்கு முன்பே தாமாக நின்றுவிடும்.

சூடானதும் முள் கொஞ்சம் ஏறுவது இயல்பு. 10 டிகிரித் தண்ணீர் 70-க்குச் சூடானால் நூறு லிட்டருக்கு இரண்டு லிட்டருக்கு மேல் பெருகும். அந்தப் பெருக்கத்தைத் தாங்கத்தான் உள்ளே ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் தண்ணீருமாக, நடுவே ரப்பர்த் திரையுடன் ஒரு கலன் இருக்கிறது. சூடானதும் முள் 3-ஐ நெருங்கி, ஆறியதும் பூஜ்யத்துக்கு விழுந்தால் அந்தக் கலனில் காற்று போய்விட்டது. 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடுவதால்தான் ஆறியதும் பற்றாக்குறை. கலனுக்குக் காற்று அடைப்பதோ மாற்றுவதோ மெக்கானிக் செய்யட்டும். தினமும் தண்ணீர் நிரப்பிச் சமாளிக்க வேண்டாம்.

உச்சியில் திறந்த தொட்டி வைத்த பழைய அமைப்பில் இந்த முள் இருக்காது. அங்கே அந்தத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, மிதவை ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள்.

ரேடியேட்டர் எல்லாம் கொதிக்கிறது. அறை மட்டும் குளிர். இது எப்படி?

ரேடியேட்டர் தருவதைவிட அறை இழப்பது அதிகம். இரண்டு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்; உள்ளே 20, வெளியே பூஜ்யம் என்றால் அது ஒன்றே 200 வாட்டுக்கு மேல் விழுங்கும். நல்ல இரட்டைக் கண்ணாடி அதை மூன்றில் ஒரு பங்குக்கோ அதற்கும் கீழேயோ குறைக்கும்.

இடுக்கு வழியாக வரும் காற்று இன்னும் மோசம். 30 கன மீட்டர் அறையின் காற்று மணிக்கு ஒருமுறை முழுதாக மாறினால் அதே குளிரில் சுமார் 200 வாட் போகும். மூன்று முறை மாறினால் 600. அது ஒரு சின்ன ரேடியேட்டரின் மொத்தச் சூடு! காற்று அடிக்கும் நாளில் ஈரக் கையை ஜன்னல் ஓரம், கதவின் அடி, தரைப்பலகை இடுக்கு எல்லா இடத்திலும் காட்டிப் பாருங்கள். சில்லென்று படும் இடத்தை ரப்பர்ப் பட்டையால் அடையுங்கள். ஆனால் எரிபொருள் எரியும் கருவி இருக்கும் அறையில் காற்றுக்கென்று விட்டிருக்கும் துளையை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

அப்புறம் ரேடியேட்டருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சோபா, காயப்போட்ட துணி, தரை தொடும் திரை. ரேடியேட்டர் சூட்டில் பெரும்பகுதியை மேலெழும் காற்றின் வழியாகத்தான் தருகிறது. திரை அதன்மேல் தொங்கினால் அந்தக் காற்று நேரே ஜன்னல் கண்ணாடிக்குப் போய்ச் சேரும். திரையை ரேடியேட்டருக்கு மேலேயே முடியும்படி வெட்டித் தைத்துவிடுங்கள். காப்புப் போடாத வெளிச்சுவர் என்றால் ரேடியேட்டருக்குப் பின்னால் பளபளக்கும் தாள் ஒட்டுவதும் கொஞ்சம் உதவும்.

இவ்வளவும் செய்தும் போதவில்லையென்றால் ரேடியேட்டர் அறைக்குச் சின்னது. ஒற்றைத் தகடு இருக்கும் இடத்தில் இரட்டைத் தகடு மாட்டலாம்.

கடுங்குளிர் நாளில் பாய்லர் திடீரென்று நின்றுவிடுகிறது. குமிழியிடும் சத்தம் வருகிறது.

கண்டன்சிங் பாய்லரிலிருந்து கழிவுநீர் சொட்டும் பிளாஸ்டிக் குழாய் வீட்டுக்கு வெளியே போகிறதா? அது உறைந்து அடைத்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை அந்தக் குழாயின்மேல் ஊற்றியோ, சூட்டுப் பையை வைத்தோ உருக்கி, பாய்லரை மறுபடி இயக்குங்கள். கொதிநீர் வேண்டாம், குழாய் வெடிக்கலாம். பிறகு அந்தக் குழாய்க்கு உறை போட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் ரேடியேட்டரே இல்லை. என்ன பார்ப்பது?

சூடான காற்று ஊதும் அமைப்பு என்றால் முதலில் ஃபில்டர். தூசி அடைத்தால் காற்றோட்டம் குறைந்து, உலை உள்ளே அளவுக்கு மேல் சூடாகி, பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்திவிடும். வகையைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காற்று வரும் துளைகளும், முக்கியமாகத் திரும்பிப் போகும் துளையும் மறைக்கப்படாமல் இருக்கட்டும்.

தரைக்கடிக் குழாய் என்றால் பொறுமை வேண்டும். காங்கிரீட் தரை சூடாகவே பல மணி நேரம் பிடிக்கும். காலையில் போட்டுக் காலையிலேயே சூடு எதிர்பார்க்கக் கூடாது. தடித்த கம்பளம் விரித்திருந்தால் சூடு மேலே வராது. ஒரு அறை மட்டும் குளிர்ந்தால் குழாய்கள் பிரியும் இடத்தில் அந்த அறையின் ஓட்டக் காட்டியைப் பாருங்கள்.

ஹீட் பம்ப் தண்ணீரைக் குறைந்த சூட்டிலேயே அனுப்பும். ரேடியேட்டர் கையைச் சுடாது, அது இயல்பு. விட்டுவிட்டு ஓட்டாமல் சீராக ஓடவிடுங்கள். வெளிப்பெட்டியில் படியும் பனியை அது அவ்வப்போது தானே உருக்கிக்கொள்ளும். அந்தச் சில நிமிடம் சூடு குறையும். பெட்டி முழுக்கப் பனிக்கட்டியாகவே நின்றால்தான் ஆளைக் கூப்பிட வேண்டும்.

நானே தொடக்கூடாதது எது?

பாய்லரின் உறைக்குள் இருக்கும் எதையும் தொடாதீர்கள். எரிவாயு, சுடர், புகைக்குழாய் எல்லாம் உரிமம் பெற்றவர் கைப்பட வேண்டியவை. வழக்கமாக நீலமாக எரியும் சுடர் மஞ்சளாக மாறினாலோ, பாய்லரைச் சுற்றிக் கரி படிந்தாலோ, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்து வெளியே போனதும் சரியானாலோ, கார்பன் மோனாக்சைடு கசிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாய்லரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே அழைத்துப் போய், உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள். அதைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் வீட்டில் இல்லையென்றால், இந்தப் பக்கத்தில் சொன்ன வேறு எந்த வேலைக்கும் முன்னால் அதை வாங்கி மாட்டுங்கள்.

மெக்கானிக் வரும்போது என்ன சொல்ல வேண்டும்?

'சூடு வரவில்லை' என்று மட்டும் சொன்னால் அவர் பாய்லரிலிருந்துதான் தொடங்குவார். முதலில் எழுதிய அந்தத் தாளைக் கொடுங்கள். எந்த ரேடியேட்டர் எங்கே சில்லென்று இருக்கிறது, குளிர்ந்தபோதும் சூடானபோதும் முள் எங்கே நிற்கிறது, பாய்லர் திரையில் ஏதாவது எண் தெரிந்ததா, கடைசியாக எப்போது தண்ணீர் நிரப்பினீர்கள். இவ்வளவு தெரிந்தால் அவர் நேரே குறை இருக்கும் இடத்துக்குப் போவார்.

கோடையில் ஏதாவது செய்து வைக்கலாமா?

எண் போட்ட வால்வுகளை எல்லாம் முழுக்கத் திறந்து விடுங்கள், ஊசி ஒட்டாது. மாதம் ஒருமுறை ஹீட்டிங்கைச் சில நிமிடம் ஓடவிடுங்கள், பம்ப் இறுகாது. காந்த ஃபில்டரைச் சுத்தம் செய்ய, கசிவை அடைக்க, ரேடியேட்டரை மாற்ற இதுதான் நல்ல சமயம். முதல் குளிர் தொடங்கிவிட்டால் மெக்கானிக் கிடைப்பதே கஷ்டம்.